வலது கன்னத்துக்கு ஒரு பிரஷ்

என் கணவரை நான் தாடியோடு பார்த்ததே இல்லை. கண்டியில் ஒரு புடவைக்கடையில் சேலைப் பகுதியில் நிற்பவர் அவர். "சேலைய விரிச்சுக் காட்டுறவன் மூஞ்சி கசங்கிக் கெடந்தா எவ வாங்குவா?" என்பார். கடை பூட்டியிருக்கும் பௌர்ணமிப் போயா நாளிலும் மழிப்பார், காய்ச்சல் வந்தாலும் மழிப்பார். காலையில் நான் தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தவுடன் குசினிக்கு வந்து, அதில் கொஞ்சத்தை ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு போவார். பிறகு பின்கதவுப் பக்கம் பிரஷ் கிண்ணத்தில் சுற்றும் சத்தம் கேட்கும். எங்கள் மகள் பிறந்து, வளர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கும்வரை அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் இருந்தது. அவர் என்ன செய்கிறார் என்று ஒருநாள்கூட நான் நின்று பார்த்ததில்லை. எனக்கு இடியாப்பம் பிழியவே நேரம் போதாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் புறப்பட்டுச் செருப்பைப் போடக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பக்கத்து வீட்டு ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாரிசவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், முகத்தின் வலது பாதி எல்லாம் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்கு விளங்கியது. திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்பார். அதற்குமேல் நாக்கு நகராது.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவருக்கு நரைத்த தாடி வந்திருந்தது. எனக்கே ஆள் மாறிப்போனது போலிருந்தது. உள்ளே நுழைந்தவுடன் சுவரில் தொங்கிய கண்ணாடியை அவர் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் சலூன்காரரைத்தான் வீட்டுக்கு அழைத்தேன். எங்கள் வீதி முனையில் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அவர் துவாயைப் போர்த்தியதும் என் கணவர் இடது கையால் அதை இழுத்துக் கீழே போட்டார். கோணிப்போன வாயை வெளி ஆள் பக்கத்தில் நின்று பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. சலூன்காரர் எனக்குச் சைகை காட்டிவிட்டு மெதுவாகக் கிளம்பிப் போனார்.

"விடும்மா, தாடி இருந்தா என்ன? இப்ப எல்லாரும் தாடிதானே வச்சிருக்காங்க," என்றாள் மகள்.

"ஒங்கப்பா வைக்கல," என்றேன்.

மகள் மின்சாரத்தில் ஓடும் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். இரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை எடுப்பதால் பிளேட்டைவிட அதுதான் பாதுகாப்பு என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது கன்னத்தில் பட்டு உறுமியதும் அவர் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. மறுபடி முயன்றபோது மெஷினைக் கண்டதுமே தலையைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு டப்பாவில் வரும் நுரையைப் பூசி, எறிந்துவிடும் ரேசரால் நானே பார்த்தேன். அந்த நுரை ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது, கன்னத்தில் நிற்காமல் வழுக்கியது. தாடையின் கீழே ஒரு சின்னக் கீறல். அந்த மாத்திரையால் இரத்தம் நிற்கவே இல்லை. நானும் மகளும் மாறி மாறித் துணியை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நின்றதும் அந்த ரேசரை அப்படியே குப்பையில் போட்டேன்.

அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிஸியோ மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயசு, ஆனால் அவசரமே படமாட்டார். கிளினிக்கில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயா முந்தி எப்பிடிச் சவரம் செய்தவர்?" என்று கேட்டார்.

"பிரஷ் வச்சு, மிஸ். சோப்புல நுரை எடுத்து."

"அப்ப அதையே செய்யுங்கோ, அம்மா. பழகின வேலை எண்டா அவருக்குப் பயம் வராது. நுரை நல்லா இருந்தால் பிளேட் தோலைப் பிடிக்காது. முடி வளர்ற பக்கமா மட்டும் மெதுவா இழுங்கோ. எதிர்ப் பக்கமா வேண்டாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், கண்ணாடியையும் முன்னுக்கு வையுங்கோ. அவர் தன்ரை ரெண்டு பக்கத்தையும் பார்க்க வேணும்," என்றார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். அவருடைய ரேசர் இருந்தது, வட்டப் பெட்டியில் சோப்பு இருந்தது. பிரஷ் மட்டும் ஈரத்தோடு கோப்பைக்குள் கிடந்து, நாங்கள் ஆஸ்பத்திரியே கதியென்று இருந்த நாட்களில் அடியோடு கெட்டுப்போயிருந்தது. கழுவினால் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. புதிது வாங்கித்தான் ஆகவேண்டும்.

சந்தைப் பக்கம் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை இருக்கிறது. சீப்பு, கத்தரிக்கோல், பவுடர், அத்தர் என்று முகத்துக்கும் தலைக்கும் வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். நான் ஷேவிங் பிரஷ் கேட்டதும் கண்ணாடி அலுமாரியிலிருந்து இரண்டை எடுத்து முன்னால் வைத்தார்.

"இது நைலோன் மாதிரி நூல், தங்கச்சி. ஊற வெக்கத் தேவல்ல, வெசையா காயும். மத்தது பெட்ஜர் எண்டு செல்ற மிருகத்தட முடி. தண்ணியக் குடிச்சு வெச்சிக்கும். பஞ்சு மாதிரி ஈக்கும். வெலதான் கொஞ்சம் கூட."

இரண்டையும் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். நைலோன் வழுவழுவென்று இருந்தது. மற்றது பூனைக்குட்டியின் வயிறு போல இருந்தது.

"அவருகிட்ட முன்னாடி இருந்தது இப்பிடி இல்லீங்க. முடி கொஞ்சம் மொரட்டு முடி. வெள்ளையா, நுனி பிளந்து இருக்கும்."

பெரியவர் தலையை ஆட்டினார். "அது பண்டி முடி, தங்கச்சி. அத நாங்க கடையில வெக்கிறல்ல. கீழ் ரோட்டுல சிங்களக் கடையில எடுக்கலாம்." பிறகு யாருக்கு என்று விசாரித்தார். நான் சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு பிரஷ்ஷையும் பேப்பரில் சுற்றி என் பையில் வைத்தார். "கொண்டு போய் அவருக்கிட்டயே காட்டுங்க. பாவிக்கிறது அவரு. தண்ணி படாமக் கொண்டு வந்தா நான் திருப்பி எடுக்குறன்."

கீழ் வீதிக்குப் போய்ப் பன்றி முடி பிரஷ் ஒன்றையும் வாங்கினேன். கைப்பிடி மரம். முடியை முகர்ந்தால் மழையில் நனைந்த ஆட்டின் வாடை அடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பெட்ஜரைத்தான் அவர் எடுப்பார் என்று நினைத்தேன். நோயாளியின் முகத்துக்கு மென்மையானதுதானே நல்லது?

பின்கதவுப் பக்கம் கதிரையைப் போட்டு, அவரை உட்கார வைத்து, மூன்றையும் மடியில் வைத்தேன். சேலைத் துணியைத் தொட்டே அது எந்த ஊர் நெசவு என்று சொல்லும் மனிதர். பெருவிரலால் ஒவ்வொன்றின் நுனியையும் நீவிப் பார்த்தார். பெட்ஜரை நன்றாக இருந்த இடது கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். சுகமாகத்தான் இருந்திருக்கும். பிறகு அதையே வலது கன்னத்துக்குக் கொண்டுபோனார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பத் திரும்பத் தடவினார். அந்தப் பக்கம் அவருக்கு மரத்துப்போயிருந்தது என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அங்கே பஞ்சு பட்டாலும் ஒன்றுதான், படாவிட்டாலும் ஒன்றுதான்.

நைலோனும் அப்படியே. கடைசியாகப் பன்றி முடியை எடுத்து வலது கன்னத்தில் அழுத்தினார். சட்டென்று கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வைத்து மெதுவாகச் சுற்றினார்.

"குத்துதா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையசைத்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மற்ற இரண்டு பிரஷ்ஷையும் மறுநாளே பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று சொன்னபோது, "குத்துறது தெரிஞ்சா நல்லம்தானே, தங்கச்சி. அல்லாஹ் சொகமாக்குவான்," என்றார்.

பிரஷ்ஷை வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். நுரை எடுப்பது ஒரு தனிப் பாடு. முதலில் அந்த ஆட்டு வாடையைப் போக்க வேண்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நுரையோடு ஊறவிட்டு, மறுபடி கழுவி, இப்படிச் சில நாள் செய்த பிறகுதான் குறைந்தது. முடியும் கொஞ்சம் இளகிக் கொடுத்தது.

சுடுதண்ணீரில் ஊறிய பிரஷ்ஷை அப்படியே சொட்டச் சொட்டச் சோப்பில் தேய்த்தேன். துணி துவைக்கும்போது வருவதுபோலப் பெரிய பெரிய குமிழி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் ரேசரைக் கையில் எடுப்பதற்குள் கன்னத்தில் எல்லாம் வெடித்து, ஈரம் மட்டும் மிஞ்சியது. பிளேட்டை வைக்கப் பயந்து முகத்தைத் துடைத்துவிட்டேன். மறுநாள் தண்ணீர்தான் பிழை என்று பிரஷ்ஷை நன்றாக உதறி, சோப்பை நிறைய எடுத்து, கிண்ணத்தில் போட்டு அரைத்தேன், அரைத்தேன், கை வலிக்க அரைத்தேன். சுண்ணாம்பு மாதிரிக் கெட்டியாக ஏதோ வந்தது. அதைப் பூசினால் பூசிய இடத்திலேயே காய்ந்து வெடித்தது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்கே தெரியும்னா சொல்லலாமே," என்று சும்மா முணுமுணுத்தேன். அவரால் சொல்ல முடியாது என்பது வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"த... தண்ணி."

நான் பிரஷ்ஷைக் கிண்ணத்தோடு அவர் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினேன். தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகில் பிடித்தேன். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம். கோபமாகவே ஆட்டினார். பிறகு இடது கை விரல்களைத் தம்ளருக்குள் விட்டு எடுத்து, மடியில் இருந்த கிண்ணத்தின் மேல் உதறினார். சில துளிகள் நுரையில் விழுந்தன.

"தண்ணி," என்றார் மறுபடி. இந்தத் தடவை தெளிவாக.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அடியே, இங்க வாடி! அப்பா பேசிட்டாரு!" என்று கத்தினேன். பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகள் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்து, வாய் கோணியபடியே சிரித்தார். அவ்வளவு நாளும் நான் பார்க்காமல் இருந்தது அந்தச் சிரிப்பைத்தான். "சுத்து," என்பதுபோல விரலைக் காற்றில் சுழற்றினார். நான் சுற்றினேன். அவர் துளித் துளியாக விட்டார். சுண்ணாம்பாகக் கிடந்தது மெல்ல இளகியது, மினுமினுத்தது. குமிழி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், சட்டித் தயிரின் மேல்படைபோல வழவழப்பாக வந்தது. பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நின்றது.

அவர் பெருமையாகத் தலையசைத்தார். அன்று மகளும் போகாமல் நின்றுவிட்டாள். தொங்கிய கன்னத்தை அவள் மேலே இழுத்துப் பிடிக்க, நான் மேலிருந்து கீழாக ரேசரை இறக்கினேன். பிளேட் தோலில் ஓடுவதே தெரியவில்லை. கழுவித் துடைத்த பிறகு மகள் அவர் முன்னால் கண்ணாடியைப் பிடித்தாள். இம்முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

இதைக் கேட்டுப் பிஸியோ மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். "இனி நீங்கள் நுரை எடுக்கப்படாது, அம்மா," என்றார். "அவரை எடுக்க விடுங்கோ. அந்த வலக் கையாலை."

"சிந்துவாரே, மிஸ்."

"சிந்தினால் துடைக்கலாம்."

சிந்தத்தான் செய்தார். கிண்ணம் வழுக்கித் தரையில் விழுந்து உருண்டது. அடியில் ஈரத்துணியை விரித்து வைத்தோம், நின்றது. பிரஷ் கைப்பிடி சின்னதாக இருந்ததால் விரல்களுக்குள் அடங்கவில்லை. மகள் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கைப்பிடியைச் சுற்றித் தடிப்பாக்கினாள். முதலில் என் கையை அவர் கைமேல் வைத்துச் சுற்றினேன். என் கைதான் சுற்றியது, அவர் கை கூட வந்தது. பிறகு எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஒரு காலையில் என் கையின் கீழே அவர் கை எனக்கு முன்னால் போனது. நான் மெதுவாக என் கையை எடுத்துக்கொண்டேன். அவர் கவனிக்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தார்.

வார்த்தைகளும் ஒவ்வொன்றாக வந்தன. "சூடு" வந்தது, "போதும்" வந்தது, "பாத்து" வந்தது. மார்கழிக் குளிரில் நுரை சீக்கிரம் ஆறிப்போவதால் கிண்ணத்தையும் சுடுதண்ணீரில் வைத்து எடுக்கச் சொன்னபோது, அது முழு வாக்கியமாகவே வந்தது. என்னைத் திட்டும் வாக்கியம்தான். எனக்கு அது கற்கண்டாக இருந்தது.

இப்போது அவர் அரைநாள் கடைக்குப் போகிறார். முதலாளி சேலைப் பகுதியில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறார். விரித்துக் காட்ட இளம்பெண்கள் இருக்கிறார்கள். எந்தச் சேலையை யாருக்குக் காட்டுவது என்று இவர் சொல்கிறார். இரண்டு கன்னத்தையும் அவரே மழிக்கிறார். கழுத்தை மட்டும் எனக்கு விட்டிருக்கிறார். அங்கேயும் அவரால் முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் கிளினிக் வரிசையில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவருக்கும் அதே நோய், அதே வலது பக்கம். நெஞ்சைத் தொடும் தாடி. அவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு யாரு சேவ் எடுக்குறது?" என்று மெல்லக் கேட்டாள்.

"அவருதான். மொதல்ல நான் எடுத்தேன்."

அவள் நம்பாமல் என் கணவரைப் பார்த்தாள். "இவரு கிட்டயே விடமாட்டேங்குறாரு. புள்ளைங்களக் கொஞ்சச் சொல்லித் தூக்கிக் குடுத்தாலும் மொகத்தத் திருப்பிக்கிறாரு."

கிளினிக் முடிந்தபோது மழை கொட்டியது. அவர்களுடைய பஸ்ஸுக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. எங்கள் வீடு பக்கத்தில்தான், ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூட்டிவந்தோம். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். வரும்போது கையில் கிண்ணமும் சோப்பும் இருந்தன. ஒருவருடைய பிரஷ்ஷை இன்னொருவருக்கு அவர் பாவிக்கமாட்டார். பயணத்துக்கென்று பின்னால் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த நைலோன் பிரஷ்ஷை எடுத்து வந்திருந்தார்.

"லயத்து வீட்டுல ஈரம். இது... சீக்கிரம் காயும்," என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். பிறகு அந்த மனிதரிடம், "உக்காருங்க," என்றார்.

அவர் உட்காரவில்லை. என் கணவர் அவசரப்படுத்தவும் இல்லை. கிண்ணத்தை ஈரத்துணிமேல் வைத்து, வலது கையால் நுரை எடுக்கத் தொடங்கினார். அந்தக் கை இன்னமும் நடுங்கும். இடையிடையே நின்று, இளைப்பாறி, மறுபடி சுற்றும். அந்த மனிதர் கையைப் பார்த்தார். பிறகு என் கணவரின் கோணிய உதட்டைப் பார்த்தார். கடைசியில், யாரும் சொல்லாமலே, கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

நீண்ட தாடியை முதலில் நான் கத்தரியால் ஒட்ட வெட்டினேன். என் கணவர் நுரை பூசினார். புது பிளேட் போட்டு ஒரு கன்னத்தை நான் எடுத்தேன். அடுத்த கன்னத்துக்கு ரேசரை அவர் மனைவியிடம் கொடுத்தேன். "அய்யோ, நான் மாட்டேன்க்கா," என்றவள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு துளி இரத்தம் வரவில்லை. அந்த மனிதர் கண்ணாடியில் பார்த்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிரஷ்ஷை அவர்களிடமே கொடுத்தனுப்பினோம்.

அடுத்த கிளினிக்குக்கு அவர்கள் வந்தபோது தூரத்திலிருந்தே அவள் கையசைத்தாள். அவர் தலையை நிமிர்த்தி நடந்து வந்தார். கன்னம் இரண்டும் சுத்தமாக இருந்தன. மேலுதட்டில் மட்டும் அடர்த்தியாக மீசை.

"அதையும் எடுக்கலாம்னுதான் போனேன்க்கா," என்றாள். "கையப் புடிச்சு நிறுத்திட்டாரு. மீச வேணுமாம்."

என் கணவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சேலை வாங்க வந்தவர்களிடம் சொல்லும் அதே தோரணையில், "எடுப்பா இருக்கு," என்றார்.